கனத்த கால்

கோட்டயத்தின் கிழக்குக் கோடியில் இருந்த அந்தப் பெட்ரோல் பங்கிலும் வாசலின் குறுக்கே கயிறு கட்டியிருந்தார்கள். கயிற்றின் நடுவில் ஒரு காலி ஆயில் டப்பா தொங்கியது. காற்றடிக்கும்போது அது லேசாகத் திரும்பித் திரும்பி, உச்சிவெயிலை என் கண்ணில் வீசியது. காவலாளி நிழலில் நாற்காலி போட்டுப் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார்.

"ஹர்த்தால் ஆணு சேட்டா. வைகிட்டு ஆறு மணி கழிஞ்ஞு வா" என்றார், தலையைத் தூக்காமலே.

கடையடைப்பு, மாலை ஆறு மணிக்கு மேல் வா என்பது அதன் பொருள். எல்லைக்கு அருகில் பிறந்தவனாகையால் எனக்கு அந்த மொழி விளங்கும். விளங்கியதால் பயன் ஒன்றும் இல்லை.

வண்டியின் பின் இருக்கையில் என் மனைவி பேச்சியம்மாள் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அவ்வப்போது வரும் நெஞ்சுவலிக்காக முதல் நாளே நாங்கள் கோட்டயத்து மருத்துவமனைக்கு வந்திருந்தோம். பரிசோதனை அறைக்குள் போனபோது அணைத்து வைத்த கைப்பேசியை நண்பகலில்தான் உயிர்ப்பித்தேன். அதற்குள் சுருளிப்பட்டியிலிருந்து எத்தனையோ அழைப்புகள் வந்து போயிருந்தன. பேச்சியம்மாளின் ஒரே அண்ணன் வீரணன் அன்று விடியற்காலையில் காலமாகிவிட்டார்.

அவருடைய மகன் முருகேசனை அழைத்தேன்.

"மாமா, சொந்தபந்தம் பூராம் கூடிருச்சு. நாளைக்குச் சனிக்கிழமை, வச்சிருக்க முடியாது, பொழுது சாயறதுக்குள்ள எடுத்துரணும்ங்கிறாக. அத்தை வாய்க்கரிசி போடாம எடுக்க எனக்கு மனசில்ல. ஆனா பெரியாளுக எம்புட்டு நேரம் பொறுப்பாகன்னு தெரியல. வெரசா வந்துருங்க மாமா."

பேருந்து இல்லை. வாடகைக் கார் இல்லை. சொந்த வண்டி இருந்தது. அதை நிரப்பப் பெட்ரோல் இல்லை. பெட்ரோல் முள் செத்துப் பல காலம் ஆகிறது. என் கணக்கின்படி, இருப்பது குமுளியைத் தொடும், தொடாமலும் போகும். குமுளிக்கு அப்பால் மலையிறக்கம். அதற்குக் கீழே நம்முடைய பக்கம். அங்கே கயிறு கிடையாது.

விரைந்து ஓட்டினால் வழியில் நின்றுவிடுவோம். மெல்ல ஓட்டினால் பொழுது சாய்ந்துவிடும். ஸ்டியரிங்கைப் பிடித்தபோது, இந்த வயதில் இப்படியொரு கணக்கைப் போட வேண்டியிருக்கிறதே என்ற அலுப்புத்தான் எனக்கு முதலில் வந்தது. துக்கம் அதற்குப் பிறகே வந்தது.

ஒரு வண்டி, இரண்டு கால்கள்

இந்தத் தொடரில் திராட்சைப் பந்தல்களைப் பற்றி எழுதிய வாரங்களில் வீரணன் மச்சானின் பெயரை வாசகர்கள் கண்டிருக்கலாம். பன்னீர்த் திராட்சை எங்கள் இருவருக்கும் கைகொடுத்த காலம் ஒன்று இருந்தது. அப்போது வண்டிப்பெரியாறு பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து மேலாளர் ஊரைவிட்டுப் போகும்போது விற்ற கான்டசா வண்டியை நாங்கள் பாதிக்குப் பாதியாகச் சேர்ந்து வாங்கினோம்.

அகன்ற நெற்றி, நீண்ட மூக்கு, உள்ளே ஒரு குடும்பமே படுத்துறங்கும் இருக்கை. அதைக் கிளப்பினால் தெருவில் கட்டிக்கிடக்கும் மாடுகள் காதை நிமிர்த்தும். இன்றைக்கும் பங்கில் போய் நின்றால் இளைஞர்கள் கைப்பேசியில் படம் பிடிக்கிறார்கள். "மசில் கார் தாத்தா இது, தெரியுமா?" என்று எனக்கே சொல்லித் தருகிறார்கள். அதற்கடுத்த கேள்வி எல்லோரிடமும் ஒன்றே.

"எம்புட்டு குடுக்குது?"

லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதை எங்கள் பக்கம் அப்படித்தான் கேட்பார்கள், கறவை மாட்டைக் கேட்பதைப் போல.

அந்தக் கேள்விக்கு ஒற்றை விடை கிடையாது. அத்தகைய வண்டி கொடுப்பதும் கொடுக்க மறுப்பதும் ஓட்டுகிறவரின் வலது காலைப் பொறுத்தது. பெடலைச் சட்டென்று மிதித்தால் கார்புரேட்டர் வாய் நிறையப் பெட்ரோலை உறிஞ்சி, அதில் பாதியைப் புகையாகத் துப்பிவிடும். வண்டியின் பாரத்தை ஓட வைப்பதற்குத்தான் செலவு. ஓடத் தொடங்கிய பிறகு அதைக் கெடுக்காமல் இருப்பதே சிக்கனம். பிரேக்கை மிதிக்கும் ஒவ்வொரு முறையும், ஏற்கெனவே எரித்து முடித்த பெட்ரோலைச் சாலையில் கொட்டுகிறோம். ஆகவே தூரத்தில் ஆட்டுமந்தை தெரியும்போதே நான் காலை எடுத்துவிடுவேன். என் பாதத்துக்கும் பெடலுக்கும் நடுவில் ஒரு பன்னீர்த் திராட்சை இருப்பதாகவும், அது நசுங்கக் கூடாது என்பதாகவும் எண்ணிக்கொண்டு ஓட்டுவது என் வழக்கம்.

இவற்றை நான் எந்தப் பள்ளியிலும் படிக்கவில்லை. ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. பிறகு கைக்குக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். படித்தது போதாத இடத்தில் வண்டியிடமே கேட்டேன்.

வீரணன் மச்சான் என்னிலும் ஒரு தலை உயரம், ஒன்றரை மடங்கு எடை. முன்னால் போகும் பேருந்தின் முதுகு வரைக்கும் ஒரே அழுத்து, அங்கே ஒரே பிரேக், மறுபடியும் ஒரே அழுத்து. 'கனத்த காலு வீரணன்' என்றுதான் கம்பம் ஒர்க்ஷாப்புகளில் அவருக்குப் பெயர். நான் என் கொள்கையை விளக்கினால் சிரிப்பார்.

"மாப்ள, ஒங்கள வண்டிய ஓட்டச் சொன்னா, ஒக்காந்து தடவிக் குடுத்துக்கிட்டு இருக்கீக."

வைகை அணைப் பந்தயம்

இந்த வாதம் வளர்ந்து ஒரு பந்தயத்தில் முடிந்தது. கம்பத்தில் டேங்கின் கழுத்து வரைக்கும் பெட்ரோல் நிரப்புவது, வைகை அணைக்குப் போய்த் திரும்புவது, மறுபடியும் கழுத்து வரைக்கும் நிரப்பி, எவ்வளவு பிடிக்கிறதென்று பார்ப்பது. ஒரு நாள் நான், அடுத்த நாள் அவர். இருவருக்கும் நடுவராகப் பேச்சியம்மாள் இரண்டு நாளும் பின் இருக்கையில் வந்தாள். அணைப் பூங்காவில் உட்கார்ந்து சாப்பிடப் புளிச்சோறு கட்டிக்கொண்டதைத் தவிர, அந்தப் பதவியில் அவளுக்கு வேறு ஆர்வம் இருந்ததாகத் தெரியவில்லை.

இரண்டாம் நாள் மாலையில் பங்கில் நின்று பார்த்தபோது எனக்கு நம்ப முடியவில்லை. அவர் குடித்ததும் நான் குடித்ததும் ஏறத்தாழ ஒன்று.

தீர்ப்பு கேட்டோம்.

"ரெண்டு பேரும் ஒரே அளவுதேன் குடிச்சிருக்கீக" என்றாள் அவள். "ஆனா இவுக வண்டியில தூக்கம் வந்துச்சு. அண்ணே வண்டியில வாந்தி வந்துச்சு."

அந்தக் கால் எப்படி என் காலுக்குச் சமமாயிற்று? இரவுச் சாப்பாட்டின்போது அவள் வாயிலிருந்துதான் விடை வந்தது. "எறக்கம் வந்தா அண்ணே சாவியத் திருகிப்புடுறாக. சத்தமே இல்லாம, பேய் போற மாதிரி வண்டி போகுது."

ஆஃப்ல விடுவது

எங்கள் பள்ளத்தாக்கில் இதற்கு 'ஆஃப்ல விடுறது' என்று பெயர். மலைத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புக்காரர்கள் கண்டுபிடித்தது. ஏறும்போது எரித்த எண்ணெயை இறங்கும்போது மீட்டுவிட வேண்டுமென்பது அவர்கள் நியாயம். இறக்கம் தொடங்கியதும் இன்ஜினை அணைத்து, நியூட்ரலில் போட்டு, மலையடிவாரம் வரைக்கும் வண்டியை அதன் போக்கில் விட்டுவிடுவார்கள். குமுளி மலையில் இப்படி ஓசையில்லாமல் இறங்கும் ஜீப்புகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒன்றிரண்டைப் பள்ளத்திலும் பார்த்திருக்கிறேன்.

சமவெளியில் கொட்டியதையெல்லாம் வீரணன் மச்சான் இறக்கத்தில் பொறுக்கி எடுத்துக்கொண்டார். பழைய ஜீப்புகளின் பிரேக் முழுக்க முழுக்கக் காலின் வலிமையால் பிடிப்பது. இன்ஜின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் அதற்கு ஒன்றுதான். எங்கள் வண்டி அப்படியன்று. இன்ஜின் சுழலும்வரைதான் அது பிரேக்குக்குத் துணை நிற்கும். இன்ஜின் நின்றபின் ஓரிரு மிதிக்கு மேல் பெடல் கல்லாகிவிடும். இதை நான் சொல்லிப் பார்த்தேன். "எறக்கம் ஆண்டவன் சும்மா குடுக்குறது மாப்ள, அதுக்கு எதுக்குப் பெட்ரோலு?" என்பது அவருடைய மறுமொழி.

ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுக் குமுளியிலிருந்து திரும்பிய ஒரு பிற்பகலில் பெடல் கல்லாயிற்று. ஓட்டியவர் அவர், பின்னால் பேச்சியம்மாள் மட்டும். இரண்டு கால்களாலும் மிதித்து, கை பிரேக்கையும் இழுத்து, கடைசியில் வண்டியை மலைப்பக்கத்து ஓடையில் சாய்த்து நிறுத்தியிருக்கிறார். அவள் நெற்றி முன் இருக்கையில் மோதிப் புடைத்துவிட்டது. இறங்கிச் சாலையோரம் நின்றுகொண்டு அவள் சொன்னாளாம்: "அண்ணே, நீங்க ஓட்டுற வண்டியில இனி நான் ஏற மாட்டேன்."

அவள் சொன்னால் சொன்னதுதான். அதன் பிறகு எங்கே போவதானாலும் அவர் கதவைத் திறந்து வைத்து, "ஏறு ஆத்தா" என்பார். அவள் சிரித்துக்கொண்டே பேருந்து நிறுத்தத்துக்கு நடந்துவிடுவாள். கோபம் ஒன்றும் இல்லை. தீபாவளிக்குச் சேலை வாங்கிக்கொள்வாள், அவருக்கு மீன் குழம்பு கொடுத்தனுப்புவாள். வண்டி மட்டும் கிடையாது.

நான் கண்ட ஒன்றை இங்கே எழுதிவிட வேண்டும். அவள் பேருந்தில் ஏறிவிட்டால், அவர் வெற்று வண்டியை ஓட்டிக்கொண்டு அந்தப் பேருந்தின் பின்னாலேயே வருவார். கம்பம் வரைக்கும் வருவார். வாழ்நாளில் எந்தப் பேருந்தையும் முந்தாமல் விடாத மனிதர், அந்தப் பேருந்தை மட்டும் ஒரு நாளும் முந்தியதில்லை.

பின்னர் சர்க்கரை நோய் அவருடைய கண்களைத் தின்றது. ஒரு நாள் என் வீட்டுக்கு வந்து சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். அதன் பிறகு போனில் பேசும்போதெல்லாம் முதல் கேள்வி, "மாப்ள, எம்புட்டு குடுக்குது?" நான் எந்த எண்ணைச் சொன்னாலும், "என் கையில இன்னும் ஒண்ணு கூடக் குடுக்கும்" என்பார்.

ஏற்றம்

கோட்டயத்திலிருந்து முண்டக்கயம் வரைக்கும் ரப்பர்த் தோட்டங்களின் நிழல். சாலையில் வண்டிகளே இல்லாதது ஒரு வகையில் நல்லதாயிற்று. காலை ஒரே நிலையில் வைத்து, பிரேக்கைத் தொடாமல், நான்காவது கியரிலேயே போக முடிந்தது. மருத்துவமனைச் சீட்டைக் கண்ணாடியில் ஒட்டியிருந்தோம். முண்டக்கயம் சந்திப்பில் கொடி பிடித்த சில பையன்கள் மறித்தார்கள். சீட்டைப் பார்த்தும் நகரவில்லை. பேச்சியம்மாள் கண்ணாடியை இறக்கி, "எங்க அண்ணே செத்துப்போச்சு தம்பி" என்றாள். தமிழ் தெரியாத பையன்கள், ஆனால் வழிவிட்டார்கள்.

அங்கிருந்து குட்டிக்கானம் வரைக்கும் செங்குத்தான ஏற்றம். இங்கேதான் இந்த வண்டிகள் தங்கள் உண்மையான பசியைக் காட்டும். பெரிய கியரில் திணற விட்டாலும் பெட்ரோல் போகும். சிறிய கியரில் அலற விட்டாலும் போகும். இரண்டுக்கும் நடுவில் இன்ஜின் முனகாமல் பேசுகிற ஓர் இடம் உண்டு. அந்த ஓசையைக் காதில் பிடித்துக்கொண்டு ஏறினேன். வளைவுகளுக்கு முன்னால் வேகத்தைக் கொன்றுவிடாமல், அகலமாக வாங்கித் திருப்பினேன். தோளும் முழங்காலும் வலித்தன. முதல் நாள் விடுதியில் சரியான தூக்கமில்லை. சாலையின் வெள்ளைக்கோடு சில இடங்களில் இரண்டாகத் தெரிந்தது.

பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஏங்க, நடந்து போறவுக நம்மளத் தாண்டிருவாக போல."

"இதுக்கு மேல மிதிச்சா வழியில நின்னுரும் பேச்சி."

"அண்ணனா இருந்தா இந்நேரம் குமுளியத் தாண்டிருப்பாக."

"ஒங்க அண்ணனா இருந்தா முண்டக்கயத்துலயே பெட்ரோல் தீந்திருக்கும்."

சொல்லிய பிறகுதான் நான் யாரைப் பற்றிப் பேசுகிறேன் என்பது உறைத்தது. கண்ணாடியில் பார்த்தேன். அவள் வெளியே தேயிலைச் சரிவின்மேல் நீளும் நிழல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆமா, தீந்துதேன் இருக்கும்" என்றாள். அழுகையும் சிரிப்பும் ஒரே மூச்சில் வந்தன.

வண்டிப்பெரியாற்றைக் கடந்தபோது முருகேசன் மறுபடியும் அழைத்தான். குளிப்பாட்டி முடித்துவிட்டார்களாம். "மாமா, வந்துருவீகள்ல?" நான் வந்துவிடுவோம் என்றேன். அப்படிச் சொல்ல எனக்கு எந்த ஆதாரமும் இருக்கவில்லை.

எல்லையில்

குமுளிக் கடைத்தெருவில் எல்லாக் கடைகளும் அடைத்துக் கிடந்தன. ஏலக்காய் மணம் மட்டும் எந்த ஹர்த்தாலுக்கும் கட்டுப்படாமல் தெருவில் நின்றது. பேருந்து நிலையத்தருகே வண்டி முதல் முறை இருமியது. நான் காலைத் தளர்த்தினேன். மறுபடியும் இருமியது. சோதனைச்சாவடி கண்ணுக்கு எதிரே தெரிகையில், ஒரு குலுக்கலுடன் இன்ஜின் அடங்கியது.

மலையாளப் போலீஸ்காரர் ஒருவர் அருகே வந்தார்.

"எந்தா சேட்டா, பெட்ரோள் தீர்ந்நோ?"

"தீர்ந்துவிட்டது சார். ஒரே ஒரு தள்ளு தள்ளினால் எங்கள் நாடு."

அவர் சிரித்து, மற்றொருவரையும் கூப்பிட்டார். இரண்டு போலீஸ்காரர்கள் ஒரு கிழவனின் வண்டியை மாநிலம் விட்டு மாநிலம் தள்ளுவதை அன்று குமுளி வேடிக்கை பார்த்தது. வண்டியின் மூக்கு கீழ்நோக்கிச் சாய்ந்ததும் நான் கை பிரேக்கை இழுத்து நிறுத்தினேன்.

எதிரே மலைச்சாலை. அதன் அடியில் லோயர் கேம்ப், அப்பால் கூடலூர், கம்பம். பள்ளத்தாக்கு முழுவதும் மாலை வெயில் மஞ்சளாகக் கிடந்தது. மேற்கே மலைவிளிம்புக்கும் சூரியனுக்கும் இடையில் அதிக இடமில்லை. ஆறு மணி வரைக்கும் இங்கே காத்திருந்து பெட்ரோல் போட்டுப் போனால், சுருளிப்பட்டியில் சாம்பலைத்தான் பார்க்கலாம்.

வாழ்நாள் முழுவதும் நான் செய்ய மறுத்த ஒன்றைச் செய்வதைத் தவிர வேறு வழியில்லை. ஆனால் கை பிரேக்கிலிருந்து என் கை வரவில்லை.

"என்ன யோசிக்கிறீக? அண்ணே மாதிரி விடுங்க" என்றாள் பேச்சியம்மாள்.

"இப்பிடி விட்டதுக்குத்தான அன்னிக்கு ஏற மாட்டேன்னு சொன்ன?"

"இன்னிக்கு ஏறித்தான உக்காந்திருக்கேன்."

அவள் இறங்கவில்லை. பின் இருக்கையிலிருந்து எழுந்து முன்னால் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

சாவியை ஆனில் வைத்து, இரண்டாவது கியரில் போட்டு, கை பிரேக்கை விட்டேன். வண்டி உருண்டது. செங்குத்தான இடங்களில் கியரிலேயே விட்டேன். அப்போது சக்கரம் இன்ஜினைச் சுழற்றும், உயிரில்லாத இன்ஜினும் சுழல்கிறவரை பிரேக்கைக் கல்லாக விடாது. இது என் முறை. சரிவு குறைந்து வண்டி சோர்கிற இடங்களில், கிளட்சை மிதித்து நியூட்ரலுக்குத் தள்ளி, அதன் போக்கில் ஓடவிட்டேன். அது அவர் முறை. அவர் வழியில் மட்டும் போயிருந்தால் ஏதேனும் ஒரு வளைவில் பறந்திருப்போம். என் வழியில் மட்டும் போயிருந்தால் பாதி மலையில் நின்றிருப்போம்.

இன்ஜின் ஓசை இல்லாதபோது அந்தச் சாலையில் எத்தனையோ ஓசைகள் இருந்தன. டயர் சருகில் ஏறுவது, மூங்கில் உரசுவது, எங்கேயோ ஒரு குரங்கு அதட்டுவது. வளைவு திரும்பியபோது மின்நிலையத்துக்குத் தண்ணீர் இறக்கும் பெரிய குழாய்கள் மலையைப் பிடித்துக்கொண்டு இறங்குவது தெரிந்தது. பேச்சியம்மாள் டாஷ்போர்டை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தாள்.

லோயர் கேம்ப்

அடிவாரத்தில் ஆள் ஏற்றும் ஜீப்புகள் வரிசையாக நின்றன. ஹர்த்தாலால் அன்று மலைக்கு வேலையாட்கள் போகவில்லை. எங்கள் வண்டி தன் கடைசி வேகத்தையும் செலவழித்து, அந்த வரிசையின் ஓரத்தில் வந்து நின்றது. படுத்திருந்த ஒரு ஜீப்பு ஓட்டுநர் சட்டென்று எழுந்து ஓடிவந்தார். ராசு என்று பெயர், கூடலூர்க்காரர். வந்தவர் என் முகத்தைப் பார்த்ததும் தடுமாறி நின்றார்.

"அய்யா, நீங்களா?" என்றார். "காலையிலதேன் சேதி கேட்டேன். ஆனா சத்தமே இல்லாம இந்த வண்டி எறங்கி வந்துச்சா, ஒரு நிமிசம் எல்லாம் மறந்துபோச்சு. வீரணன் அண்ணந்தேன் வர்றாகன்னு எந்திரிச்சு ஓடியாந்துட்டேன்."

பேச்சியம்மாள் முகத்தை மூடிக்கொண்டாள். நண்பகலிலிருந்து அடக்கி வைத்திருந்ததெல்லாம் அங்கேதான் உடைந்தது.

ராசு ஜீப்பைக் கொண்டுவந்து கயிறு கட்டினார். அந்தக் கயிற்றைப் பார்த்ததும் நண்பகலில் பங்கில் பார்த்த கயிறு நினைவுக்கு வந்தது. கூடலூர் பங்க் வரைக்கும் இழுத்துவிட்டு, நான் சட்டைப்பைக்குள் கைவிட்டபோது, "போங்கய்யா, பொழுது போகுது" என்று திரும்பிவிட்டார்.

பெட்ரோல் போட்ட பிறகு நான் செய்ததற்கு என் வழக்கப்படி விளக்கம் கிடையாது. காலடியில் இருந்த திராட்சையை நசுக்கினேன். அந்த வண்டியைக் கைக்கொண்ட காலத்திலிருந்து ஒரு முறையும் அப்படி மிதித்தவனல்லன். வண்டி முன்பாதத்தைத் தூக்கிய குதிரையாகக் கிளம்பியது. கார்புரேட்டர் வாய் நிறைய உறிஞ்சும் ஓசை உள்ளே வரைக்கும் கேட்டது. பேருந்துகளை முந்தினேன். தென்னந்தோப்புகள், செங்கல் சூளை, கம்பத்தின் கடைத்தெரு எல்லாம் பின்னால் ஓடின. குடித்தால் குடிக்கட்டும் என்றிருந்தது. இப்படித்தான் அவர் அத்தனை வருடமும் உணர்ந்திருப்பாரோ என்று தோன்றியது.

"மெதுவா" என்று அவள் ஒரு முறையும் சொல்லவில்லை.

சுருளிப்பட்டி

தெருமுனையில் அமரர் ஊர்தி பின்கதவைத் திறந்துகொண்டு நின்றது. பாடை வாசலுக்கு வந்துவிட்டிருந்தது. வெயில் வீட்டுக் கூரைகளின் விளிம்பில் மட்டும் மிச்சமிருந்தது. எங்கள் வண்டியின் உறுமலைக் கேட்டு எல்லோரும் திரும்பினார்கள்.

"அத்தை வந்துட்டாக! வழி விடுங்கப்பா" என்று முருகேசன் கத்தினான்.

அவளுடைய காலில் செருப்பு இல்லை. வண்டியிலேயே விட்டுவிட்டாள் போலும். கூட்டம் பிளந்தது. யாரோ அவள் கையில் அரிசியைக் கொடுத்தார்கள். அண்ணனின் வாயருகே குனிந்து மூன்று முறை போட்டாள். முகத்தை நீண்ட நேரம் பார்த்தாள். அவளைத் தூக்கிவிட நான் போனேன். எழுந்தவள் நேராகத் தலைமாட்டிலிருந்து கால்மாட்டுக்கு நடந்தாள்.

மாலைகள் பாதங்களை மூடியிருந்தன. அவற்றை விலக்கினாள். கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டியிருந்தார்கள். சர்க்கரை நோய் அந்தக் கால்களில் எலும்பைத் தவிர வேறெதையும் விட்டு வைத்திருக்கவில்லை. அவள் அந்த வலது பாதத்தின் அடியில் தன் கையைக் கொடுத்து, ஏந்திப் பார்த்தாள்.

தெருமுனையில் ஊர்தியின் ஓட்டுநர் இன்ஜினைக் கிளப்பிவிட்டு, பெடலை வெறுமனே மிதித்து உறும விட்டுக்கொண்டிருந்தார். பெரியவர்கள், "நேரமாச்சு, தூக்குங்கப்பா" என்றார்கள். பேச்சியம்மாள் நிமிர்ந்து என்னைத் தேடினாள். அத்தனை கூட்டத்திலும் எனக்கு மட்டும் சொல்வதைப் போலச் சொன்னாள்.

"ஏங்க... எம்புட்டு லேசா இருக்கு பாருங்க, அண்ணே காலு."